எதுவார் குபேர்: இரு கொடிகள் கண்ட வாழ்வு

புதுச்சேரிக்குச் செல்வோர் கடற்கரைச் சாலையில் காற்று வாங்காமல் திரும்புவதில்லை. அச்சாலையின் முறையான பெயர் குபேர் சாலை. நகரின் நடுவே பூவும் மீனும் காய்கறியும் பலசரக்கும் ஒருங்கே விற்கும் பெரிய மார்க்கெட்டின் பெயர் குபேர் அங்காடி. இப்பெயரைக் கேட்கும் வெளியூரார், அளகாபுரிக்கு அதிபதியாகிய செல்வக் கடவுளின் பெயரை வணிகர்கள் மங்கலம் கருதிச் சூட்டினார்கள் என்றே எண்ணுவர். அந்தக் குபேரனுக்கும் இந்தக் குபேருக்கும் தொடர்பு ஏதுமில்லை. பிரெஞ்சுக்காரத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் புதுச்சேரியில் பிறந்து, பாரிசு நகரத்து நாடாளுமன்றத்தில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக அமர்ந்து, பின்னர் இந்திய ஒன்றியப் பகுதியாகிய புதுச்சேரியின் முதலமைச்சராகவும் விளங்கிய எதுவார் குபேர் என்பாரின் நினைவாக எழுந்த பெயர்கள் அவை.

எலவனாசூர்கோட்டையின் இலக்கிய மலரில் இவர் வரலாறு இடம்பெறுவது ஏன் என்ற வினா எழலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் போட்டியிட்டுக் கைக்கொண்ட கோட்டைகளுள் நம் ஊர்க் கோட்டையும் ஒன்று. அப்போர்களில் பிரெஞ்சுக்காரர் தோற்றதன் விளைவாகவே புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் என்னும் ஐந்து துண்டு நிலங்களுக்குள் அவர்கள் ஆட்சி சுருங்கிற்று. அவற்றுள்ளும் புதுச்சேரிப் பகுதி ஒரே பரப்பாக இல்லை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கிராமங்களின் நடுவே திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடந்தது. ஒரு வயல் ஆங்கிலேயர் நிலம், அடுத்த வயல் பிரெஞ்சு நிலம் என்றிருந்த காலம் அது. நம் மாவட்டத்தின் உடம்பிலேயே பதிந்திருந்த அந்த எல்லைக் கோடுகள் அழிந்த கதையில் தலையாய பாத்திரம் ஏற்றவர் குபேர். அவரை நாயகர் என்பாரும் உளர்; நேர்மாறாகச் சொல்வாரும் உளர்.

குபேர் பிறந்த வகுப்பைக் கிரியோல் என்பர். குடியேற்ற நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஐரோப்பிய வழியினரையும், ஐரோப்பியரும் உள்நாட்டாரும் கலந்த மரபினரையும் இடத்திற்கேற்ப இச்சொல் குறிக்கும். நம் பக்கத்து மக்கள் இத்தகையோரைச் சட்டைக்காரர் என்ற ஒற்றைச் சொல்லால் அழைத்து முடித்துக்கொண்டனர். சட்டை அணியாதோர் நிரம்பிய நாட்டில் சட்டையே அடையாளமாயிற்று. உலகில் வேறு இடங்களிலும் இவ்வகுப்பினர் ஒரே வகையான சிக்கலை எதிர்கொண்டனர். ஆளும் நாடு ஒருநாள் கொடியை இறக்கிவிட்டுப் போய்விட்டால், அந்நாட்டின் மொழியையும் சட்டத்தையும் பழக்கவழக்கத்தையும் தம்முடையனவாகக் கொண்டு அங்கேயே வாழ்ந்தவர்கள் யாருடைய குடிகள் என்பதே அச்சிக்கல்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. 1803 இல் நெப்போலியன் அப்பெரும் நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலர் விலைக்கு அமெரிக்க ஒன்றியத்திற்கு விற்றான். அங்கே வாழ்ந்த பிரெஞ்சுக் கிரியோல் குடும்பத்தாரை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. 1754 இல் அங்குப் பிறந்த ழான் நொயெல் தெத்ரெகான் என்பார் பிரெஞ்சுக் கொடி, ஸ்பானியக் கொடி, அமெரிக்கக் கொடி மூன்றையும் தம் வாழ்நாளிலேயே கண்டவர். ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட உரிமைகளை வழங்குமாறு கோரி 1804 இல் தலைநகர் வாஷிங்டன் சென்ற மூவருள் அவரும் ஒருவர். 1812 இல் லூசியானா மாநிலமானபோது அமெரிக்க மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், இருக்கையில் அமராமலே பதவியைத் துறந்துவிட்டார். அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திய அவர் உரிமை பேசியது தம் வகுப்பாருக்கு மட்டுமே என்பதையும் சொல்லியாக வேண்டும். குபேரின் கதை இதற்கு ஒப்பானது. ஆயின் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கொடி மாறியதை லூசியானாக்காரர் கைகட்டிப் பார்த்தனர். புதுச்சேரியிலோ கொடியை மாற்றிய கைகளுள் ஒன்று குபேருடையது.

1894 ஜூலை 29 அன்று குபேர் புதுச்சேரியில் பிறந்தார். அன்றைய பிரெஞ்சிந்திய அரசியலை அறியாமல் அவர் வளர்ந்த சூழலை விளங்கிக்கொள்ள இயலாது. ஆங்கில இந்தியாவில் வாக்குச் சீட்டைக் கனவிலும் காணாத காலத்திலேயே புதுச்சேரியார் பாரிசுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பி வந்தனர். அவ்வுரிமை எல்லார்க்கும் ஒரே எடையுடையதாக இல்லை. ஐரோப்பியரும் அவர் வழியினரும் ஒரு பட்டியல். இந்தியர் வேறு பட்டியல். 1881 ஆம் ஆண்டு ஆணையின்படித் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களுக்குச் சில காலம் தனியே மூன்றாவது பட்டியல் ஒன்றும் இருந்தது. முதற் பட்டியலில் இருந்த சில நூறு பேர், பல்லாயிரவர் அடங்கிய பட்டியலுக்கு ஈடாக அவைகளில் இடம்பெற்றனர். 1873 இல் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்ததற்காக வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை தடுக்கப்பட்டதும், அவர் பாரிசு வரை முறையிட்டு வென்றதும் இவ்வூர் வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று கல்லில் பொறித்துவிட்டு, காலணியை வாசலில் கழற்றச் சொன்ன ஆட்சி அது. இவ்விரண்டுக்கும் இடையிலான இடுக்கிலேதான் கிரியோல் வகுப்பு வாழ்ந்தது. வெள்ளையர் விருந்தில் முழு இடமில்லை. தமிழர் பந்தியிலும் முழு இடமில்லை. ஆனால் இரு பக்கத்தின் மொழியும் உள்மனமும் தெரியும்.

பட்டியல் முறை ஒழிந்து ஒரே வாக்காளர் தொகுதி வந்தது 1946 இல். குபேர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். அவருடைய பெயர் ஓங்கத் தொடங்கியதும் அப்போதுதான். இதை நாம் தற்செயலாகக் கொள்ள வேண்டியதில்லை. பழைய முறையில் அவர் வகுப்பார்க்குக் கிடைத்த மதிப்பு பட்டியலால் வந்தது. புதிய முறையில் தமிழ் மக்களின் வாக்கைத் திரட்டத் தெரிந்தவனே தலைவன். அக்கலையைக் குபேர் வெகு விரைவில் கைவரப் பெற்றார்.

அக்காலப் புதுச்சேரியில் மக்கள் செல்வாக்கு வேறொருவரிடம் இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளரைத் திரட்டிய வ. சுப்பையா அவர். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் பன்னிருவர் மாண்டனர். அந்தக் குருதியின் பயனாக எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கிடைத்தன. 1946 தேர்தல்களில் சுப்பையாவின் அணி பெருவெற்றி பெற்றது. பொதுவுடைமையாளரின் இவ்வெழுச்சியை அஞ்சியோர் பலர்: ஆளுநர் மாளிகை, ஆலை முதலாளிகள், நிலக்கிழார்கள். இந்த அச்சத்தின் மேல் கட்சி ஒன்றைக் கட்டி எழுப்பலாம் என்பதைக் கண்டுகொண்டவர் குபேர். 1947 இல் பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சி பிறந்தது. பெயர் சோசலிஸ்டு, உள்ளே இருந்தவர்களோ பெரும்பாலும் பண்ணையாரும் வணிகரும். பெயருக்கும் பொருளுக்கும் பிணக்குடைய கட்சிகள் நம் நாட்டில் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததால் இதனை நாம் வியக்க வேண்டியதில்லை.

இந்தியா விடுதலை பெற்ற பின்னர், பிரெஞ்சிந்திய மக்களே தம் எதிர்காலத்தை வாக்கெடுப்பின் வழி முடிவு செய்வர் என 1948 ஜூனில் இரு அரசுகளும் உடன்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த நகரவைத் தேர்தல்களில் குபேரின் கட்சி புதுச்சேரிப் பகுதியைத் துடைத்தெடுத்தது. தேர்தல் தூய்மையாக நடக்கவில்லை. பிரெஞ்சு நிருவாகம் கண்டும் காணாமல் இருந்தது; எதிர்க்கட்சியினர் தாக்கப்பட்டனர். கொம்யூன் என்னும் ஒவ்வொரு ஊராட்சியிலும் மேயர் பதவி குபேர் அணியின் கைக்கு வந்தது. மேயரிடம் பிறப்புப் பதிவு, சான்றிதழ், வாக்காளர் பட்டியல் என யாவும் இருந்தன. அன்றாட வாழ்வில் ஏழை எளியவர் சென்று நிற்க வேண்டிய வாசல் மேயரின் வாசல்தான். அவ்வாசல்களை எல்லாம் ஒரு கையில் கோத்து வைத்திருந்தமையே குபேரின் வலிமை. 1950 இல் சுப்பையாவின் இல்லம் தீக்கிரையாக்கப்பட்டது. இணைப்பு இயக்கத்தார் பலர் எல்லை தாண்டி இந்தியப் பகுதிகளில் தங்கிப் பணியாற்ற நேர்ந்தது.

இதற்கிடையே சந்திரநாகூர் 1949 ஜூனில் வாக்களித்தது. இந்தியாவுடன் இணைய 7,463 பேர். எதிராக 114 பேர் மட்டுமே. வாக்கெடுப்பின் சுவையைப் பிரெஞ்சு அரசு உணர்ந்தது. புதுச்சேரியில் அத்தகைய வாக்கெடுப்பு இழுபட்டுக்கொண்டே போயிற்று. அவ்வாண்டிலேயே இந்தியாவுடனான சுங்க ஒன்றிய உடன்பாடும் முடிவுக்கு வந்தது. புதுச்சேரி மீண்டும் தடையற்ற துறைமுகமானது. வெளிநாட்டுப் பண்டங்கள் வந்து குவிந்தன. தங்கமும் வைரமும் கைக்கடிகாரமும் எல்லைக் கிராமங்களின் வழியாகத் தென்னார்க்காட்டினுள் கசிந்தன. இந்திய அரசு சுற்றிலும் சுங்கக் காவல் அமைத்தது. போக்குவரவுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்றது. இக்கடத்தலால் கொழுத்தோருள் ஆளுங்கட்சியினர் பலர் இருந்தனர் என்பது அக்காலத்திலேயே ஊரறிந்த பேச்சு.

1951 இல் நடுநிலைப் பார்வையாளர்கள் புதுச்சேரிக்கு வந்தனர். வாக்காளர் பட்டியல் நம்பத்தக்கதன்று, அச்சமற்ற வாக்கெடுப்புக்கு அங்கே இடமில்லை என்னும் கருத்துப்பட அவர்கள் அறிக்கை தந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பாரிசு நாடாளுமன்றத்துக்கான தேர்தல் நடந்தது. அதுவரை உறுப்பினராயிருந்து, இணைப்பை ஆதரிக்கத் தொடங்கிவிட்ட லாம்பெர் சரவணன் எதிர்த்து நின்றார். பதிவானதாகக் காட்டப்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ எல்லாமே குபேருக்கு விழுந்தன. இப்படி ஒரு வெற்றி மக்களின் அன்பால் மட்டும் கிடைக்கும் என்று எந்நாட்டிலும் எவரும் நம்பமாட்டார். எப்படியாயினும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் புதுச்சேரியின் ஒரே குரல் இப்போது அவருடையது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியைத் தாங்கி நின்ற கம்பமும் அவரே. ஆளுநர்கள் வருவர், போவர், குபேர் இருந்தார்.

மூன்றாண்டுகள் கழித்து அந்தக் கம்பம் நகர்ந்தது.

1954 மார்ச்சு 18 அன்று, ஆட்சிக் குழுவினரும் புதுச்சேரிப் பகுதியின் மேயர்களும், வாக்கெடுப்பின்றியே பிரெஞ்சிந்தியா இந்திய ஒன்றியத்துடன் இணைய வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றினர். நேற்றுவரை இணைப்பாளரை ஒடுக்கிய அதே அணி. மக்கள் இசைவின்றி நிலத்தை விட்டுக்கொடுக்கப் பிரெஞ்சு அரசியல் சட்டம் இடந்தரவில்லை என்று பாரிசு மறுத்தது. குபேர் காத்திருக்கவில்லை. மார்ச்சு 31 அன்று நெட்டப்பாக்கத்தில், நாற்புறமும் இந்திய நிலம் சூழ்ந்த அக்கொம்யூனில், காவல் நிலையத்தின் மீது மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. குபேரைத் தலைவராகக் கொண்ட இடைக்கால அரசு அங்கே அமைந்தது. இடத் தேர்வில் அவருடைய கூர்மை தெரிகிறது. இந்திய மண்ணைக் கடக்காமல் பிரெஞ்சுப் படை நெட்டப்பாக்கத்தை எட்ட முடியாது. கடக்க இந்தியா விடாது. நிலப்படத்தில் திட்டுத் திட்டாக இருந்த பிரெஞ்சு நிலத்தின் ஊனத்தையே அவர் ஆயுதமாக்கினார். ஏனைய கொம்யூன்கள் அடுத்தடுத்து விழுந்தன. ஜூன் மாதம் ஏனாமில் தாதாலா ரபேல் ரமணையாவும், ஜூலையில் மாகேயில் ஐ. கே. குமரனும் முன்னின்று விடுவித்தனர். கடல் கடந்து வியத்நாமில் தியென் பியென் பூ கோட்டை மே மாதத்தில் வீழ்ந்தது. அடுத்து வந்த மாண்டேஸ் பிரான்சு அரசு ஆசியாவிலிருந்து கணக்கை முடித்துக்கொள்ள விரும்பியது.

குபேர் ஏன் மாறினார்? அவருடைய அணியினரின் நிதி முறைகேடுகள் குறித்துப் பிரெஞ்சு நிருவாகம் நடவடிக்கைக்கு ஆயத்தமானதே காரணம் என வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். இந்தியாவின் சுங்க முற்றுகையால் வணிகம் முடங்கியமை மற்றொரு காரணம். பிரெஞ்சு ஆட்சியின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்பதை இந்தோசீனப் போர் உணர்த்தியது என்பது இன்னொன்று. புதுச்சேரியில் இவரை வாழ்த்துவோர் இக்காரணங்களை மறைத்து, பழுத்த தேசபக்தராகவே வரைந்து காட்டுவதுண்டு. அது உண்மைக்குச் செய்யும் தீங்கு. ஏழாண்டுகள் தடியடிக்கும் ஊர்விலக்குக்கும் ஆளான இணைப்புத் தொண்டர்களுக்குச் செய்யும் தீங்கும் ஆகும். அதேவேளை, வெறும் சந்தர்ப்பவாதி என்று ஒரு சொல்லில் ஒதுக்குவதும் கணக்கில் பிழை. தன்னலமும் காலத்தின் போக்கும் ஒரே திசையில் ஓடிய ஒரு கணத்தை அவர் கண்டார். அதில் தம் தோணியைத் தள்ளினார். அவர் தள்ளாதிருந்தால் கொம்யூன்களின் மேயர்கள் அசைந்திருக்கமாட்டார்கள். போர்த்துக்கீசியர் பிடிவாதமாக நின்ற கோவாவின் முடிவு 1961 இல் படையெடுப்பாயிற்று என்பதை நினைத்துப் பார்க்கலாம். புதுச்சேரியில் அந்நிலை எழவில்லை.

ஆயினும் இதற்கு ஒரு விலை இருந்தது. பிரெஞ்சிந்திய மக்கள் நேரடியாக வாக்களித்துத் தம் தலைவிதியை முடிவு செய்யும் நாள் வரவே இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தோர் மக்கள் அல்லர். மக்கள் தேர்ந்தெடுத்திருந்த பேரவை, நகரவை உறுப்பினர்கள் 178 பேர். இணைப்புக்கு 170, எதிராக 8. அவர்களுள் பலர் முன்சொன்ன அச்சுறுத்தல் தேர்தல்களில் வென்று வந்தோர் என்பது முரண்பாடு. பிரான்சைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட பொறியே பிரான்சை வெளியேற்றும் வாக்கையும் அளித்தது. மக்கள் மனம் இணைப்பின் பக்கமே இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த மனத்தை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு நழுவியது என்பதே குறை. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. கேவல் சிங் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார். சுப்பையா ஊர் திரும்பினார்.

திரும்பியவர் கண்ட காட்சி விந்தையானது. விடுதலைக்கு முன் ஆளுங்கட்சியாய் இருந்தோர் விடுதலைக்குப் பின் காங்கிரசாய் இருந்தனர். குபேர் அக்கட்சியின் முன்னணித் தலைவர். 1955 இல் 39 இடங்கள் கொண்ட பேரவைக்குத் தேர்தல் நடந்து காங்கிரசு ஆட்சி அமைத்தது. எதிர்வரிசையில் சுப்பையாவின் மக்கள் முன்னணி. எனினும் குபேருக்கு இடர் வந்தது எதிர்வரிசையிலிருந்து அன்று, சொந்தக் கட்சிக்குள் இருந்து. அணி பிரிதலும் சேர்தலும் பேரவையை நிலைகொள்ள விடவில்லை. 1958 இல் அது கலைக்கப்பட்டு 1959 இல் மறுதேர்தல் வந்தது. காங்கிரசே வென்றது, தலைமைப் பொறுப்பு வெங்கடசுப்பா ரெட்டியாருக்குச் சென்றது. குபேர் நகரின் மேயராகவும் விளங்கினார். கடற்கரையில் அவர் பெயர் தாங்கிய சாலையின் மேலேயே மேரி என்னும் நகர மன்றக் கட்டடம் எழுந்து நின்றது. 2014 இல் அது இடிந்து விழுந்ததும், பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021 இல் திறக்கப்பட்டதும் நாம் அறிந்தவை.

நிலத்தை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தாயிற்று. அல்சீரியப் போரில் சிக்கித் தவித்த பாரிசு அதற்கு ஒப்புதல் தர 1962 வரை காலம் கடத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படி புதுச்சேரி இந்தியாவுடையதாயிற்று. அவ்வுடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள், ஆறு மாதங்களுக்குள் எழுத்தில் விரும்பித் தெரிவித்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். தெரிவிக்காதோர் இந்தியர் ஆவர். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அவ்வாறு தெரிவித்தனர்; ஓய்வூதியம் பெற்ற படைவீரர் குடும்பங்களும் மரபுச் சட்டம் துறந்தோரின் வழியினரும் அவர்களுள் பலர். தந்தை வழியில் பிரெஞ்சுக்காரர், தம் மொழியும் கல்வியும் பிரெஞ்சு, பாரிசு நாடாளுமன்றத்தில் இருந்தவர் என்ற மூன்று தகுதிகளும் உடைய குபேர் இந்தியராகவே நின்றார். என் நோக்கில் அவர் வாழ்வின் மிகத் தெளிவான செயல் இதுவே. 1954 இன் மாற்றத்திற்கு ஆயிரம் உள்நோக்கம் கற்பிக்கலாம். அறுபத்தெட்டு வயதில் செய்த இந்த முடிவுக்கு அவ்வளவு எளிதில் கற்பிக்க முடியாது.

1963 ஜூலை 1 அன்று ஒன்றியப் பகுதிகளுக்கான சட்டம் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. பேரவை சட்டமன்றமாக மாறியது; அதன் முதல் முதலமைச்சர் குபேர். பதினான்கு மாதங்களே அப்பதவியில் இருந்தார். 1964 ஆகஸ்டில் 30 இடங்கள் கொண்ட சட்டமன்றத்துக்கு நடந்த முதல் தேர்தலில் காங்கிரசு வென்றும், செப்டம்பரில் முதலமைச்சரானவர் வெங்கடசுப்பா ரெட்டியார். பழைய சூழ்ச்சித் திறன்கள் இப்போது பயன்படவில்லை. பாரிசின் அங்கீகாரம் ஒருகாலத்தில் அவருக்கு வலிமை தந்தது. இப்போது முடிவுகள் தில்லியில் எடுக்கப்பட்டன. அங்கே அவர் பலருள் ஒருவர்.

எஞ்சிய ஆண்டுகளில், புதுச்சேரி அரசியலின் மேடை முன்பே அவரைக் கடந்து போய்விட்டிருந்தது. அறுபதுகளின் இறுதியில் திராவிட இயக்கத்தின் அலை தென்னார்க்காட்டைப் போலவே புதுச்சேரியையும் மூழ்கடித்தது. கிரியோல் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறி மார்சேய்க்கும் பாரிசுக்கும் சென்றன. 1979 ஆகஸ்டு 14 அன்று, எண்பத்தைந்தாம் வயதில் எதுவார் குபேர் மறைந்தார். ஆண்டுதோறும் ஜூலை 29 இல் புதுச்சேரி அரசு அவர் சிலைக்கு மாலை அணிவிக்கிறது. கீழூரிலும் அந்த 178 பேரின் வாக்கெடுப்பு நினைவாக ஒரு நினைவகம் உள்ளது. ஆகஸ்டு 16 அன்று அங்கே கொடியேற்றம் நடைபெறும்.